கொலுப்படியில் ஒரு சீனாக்காரி

ராகவன் மாமா அந்தப் பொம்மையைத் தலைகீழாகத் திருப்பியபோது எங்கள் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். நவராத்திரி இரண்டாம் நாள், விளக்கு வைத்த நேரம். மாமா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பொம்மையின் அடியில் இருந்த எழுத்தைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோய்ப் படித்தார்.

அவர் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் இல்லை. வாழ்நாள் முழுவதும் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்து, ஹெட்மாஸ்டராக ஓய்வு பெற்றவர். ஆனாலும் அன்றைக்கு ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

"பி, ஓ, என், ஈ. போன். சி, ஹெச், ஐ, என், ஏ. சைனா."

பிறகு வகுப்பில் அர்த்தம் சொல்கிற குரலில் சொன்னார்.

"போன்னா எலும்பு. சைனான்னா சீனா தேசம். சீனாக்காரன் எலும்புல பண்ணின பொம்மை."

மன்னியின் கையில் சந்தனக் கிண்ணம் அப்படியே நின்றது. தான் சொன்னதன் கனம் மாமாவுக்கே சற்றுப் பிந்தித்தான் உறைத்திருக்க வேண்டும். சூழ்நிலையை லேசாக்கப் பார்த்தார்.

"எல்லைல வந்து நிக்கறான்னு பேப்பர்காரன் எழுதறான். இங்க என்னடான்னா, வரதன் ஆத்துக் கொலுவுல மூணாம் படிக்கே வந்துட்டான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் மூன்றாம் படியில் நின்றுகொண்டிருந்தது, அந்த நிமிஷம் வரை, எங்கள் எல்லோருக்கும் ஆண்டாள்.

எந்த வருஷம்?

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு என் சுபாவம் தெரியும். தேதி இல்லாமல் ஒன்றை எழுதினால் எனக்கு இருப்புக் கொள்ளாது. கொள்ளிடத்து வெள்ளத்தைப் பற்றி எழுதியபோது நாள் கணக்கில் இரண்டு தவறிவிட்டது என்று காட்டூர் வாசகர் ஒருவர் கார்டு போட்டிருந்தார். அவர் சொன்னதே சரி. திருத்திக் கொண்டேன்.

ஆனால் இந்தச் சம்பவத்தின் வருஷத்தை அடித்துச் சொல்ல முடியவில்லை. அந்த வருஷத்து டைரியில் பெரும்பகுதியைக் கரையான் தின்றுவிட்டது. ஆடி மாதத்தில் சில பக்கங்கள்தான் மிச்சம். ஆகவே சூழ்நிலைத் தடயங்களை வைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. சீனாவோடு எல்லைத் தகராறு பேப்பரில் வந்துகொண்டிருந்தது, சண்டை இன்னும் மூளவில்லை. எனக்கும் கோமளத்துக்கும் கல்யாணமாகி நாலாவது நவராத்திரி. இவ்வளவுதான் உறுதி.

வீடு வடக்குச் சித்திரை வீதியில். அண்ணா வரதன் என்னைவிடப் பதினாலு வயது மூத்தவர். கோயிலில் பிரபந்த கோஷ்டியில் சேவிக்கிறவர். அப்பா, அம்மா இருவரும் போனபிறகு குடும்பத்துக்கு அவர்தான் பெரியவர். நான் டவுனில் ஓர் ஆபீசில் குமாஸ்தா. அண்ணாவின் மனைவியான மன்னி சமையல்கட்டையும் எங்கள் எல்லோரையும் ஆண்டுவந்தாள். கோமளம் என் மனைவி.

அந்தக் காலத்தில், எங்களைப் போன்ற வீடுகளில், தம்பி பெண்டாட்டி மைத்துனரிடம் நேரே பேச மாட்டாள். யாரும் போட்ட சட்டமில்லை, ஆனாலும் அப்படித்தான். அண்ணாவுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால் கோமளம் மன்னியிடம் சொல்வாள், மன்னி அண்ணாவிடம் சொல்வாள். மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டு இருவரும் இப்படித் தந்தி அடித்துக்கொள்வதைப் பார்த்தால் எனக்கு வேடிக்கையாக இருக்கும். நாலு வருஷத்தில் ஒரு வார்த்தைகூட நேருக்கு நேர் பேசியதில்லை.

பச்சை உடுப்பும் சாய்ந்த கொண்டையும்

பொம்மையின் உயரம் ஏழே கால் அங்குலம். நானே ஸ்கேல் வைத்து அளந்தேன். தரையைத் தொடும் பச்சை நிறக் கவுன். தோளிலிருந்து காற்றில் பறப்பதுபோல் ஒரு மெல்லிய சால்வை. வலது கையில் சின்னச் சின்ன ரோஜாக்கள் கோத்த சரம். தலைமயிரை வழித்து வாரி ஒரு பக்கமாகச் சாய்த்துக் கொண்டை போட்டிருந்தது.

ஒரு பக்கமாகச் சாய்ந்த கொண்டை, கையில் மாலை, பச்சை ஆடை. ஸ்ரீரங்கத்தில் பிறந்த யாரிடம் இதைக் காட்டினாலும் ஒரே பேரைத்தான் சொல்வார்கள். ஆங்கிலத் தோட்டத்தில் பூப்பறித்து நின்ற ஒரு சீமாட்டி என்று யாருக்குத் தோன்றப் போகிறது?

அந்த வருஷம் கொலுவுக்குப் பலகை அடுக்கும்போது மேல்துணி எடுக்க மன்னி எங்கள் அறைக்கு வந்தாள். கோமளத்தின் டிரங்குப் பெட்டி திறந்திருந்தது. உள்ளே புடவை மடிப்பில் இந்தப் பொம்மை இருந்ததை மன்னி பார்த்துவிட்டாள்.

"அடியே, ஆண்டாளை இப்படியா பொட்டில பூட்டி வெப்பா?"

மறுபேச்சுக்கு இடமில்லாமல் எடுத்துக்கொண்டு போய் மூன்றாம் படியில் நடுவாக வைத்தாள். ஆண்டாளுக்குக் கிளி வேண்டுமே? பச்சை ரவிக்கைத் துண்டில் சுண்டுவிரல் அளவு கிளி ஒன்று தைத்து இடது கையில் கட்டினாள். நெற்றியில் மெல்லிய கோடாக ஸ்ரீசூர்ணம் இட்டாள். முதல் நாள் வந்த பெண்கள் எல்லோரும் பண்ருட்டிப் பொம்மைகளை விட்டுவிட்டு இதையே பார்த்தார்கள். முகக்களை அப்படி. கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களும் உண்டு.

"எங்கேருந்து வந்தது?" என்று கேட்டவர்களுக்கு, "நம்ம கோமளத்தோடது" என்று மன்னி சொன்னாள். நம்ம கோமளம் என்று மன்னி சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவரை அவள் பொன்மலைப் பொண்ணு.

பொன்மலைப் பொண்ணு

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கோமளத்தின் அப்பா பொன்மலையில் ரயில்வே ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவர். காலனியில் பக்கத்து வீடு ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம். வீட்டுக்காரர் எஞ்சின் டிரைவர். அவர் மனைவி டாரத்தி. கோமளத்துக்கு ஒன்பது வயதில் அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு காலையில் சங்கு ஊதி அப்பா வேலைக்குப் போனால், சாயங்காலச் சங்குக்குத்தான் திரும்புவார். நடுவில் இருந்த பொழுது முழுவதும் அவள் டாரத்தி ஆண்ட்டி வீட்டில் வளர்ந்தாள்.

இதெல்லாம் எனக்குத் துணுக்குத் துணுக்காகத்தான் தெரியவந்தது. எங்கள் வீட்டில் அவள் அதைப் பேச மாட்டாள். பேசினால் உடனே ஒரு கேள்வி வரும்: அங்கே என்ன சாப்பிட்டாய்? கல்யாணப் பேச்சின்போதே எங்கள் உறவில் ஒரு கிழவர் இதைக் கேட்டார். அவள் அப்பா, "மோர்கூட வாங்கிக் குடிச்சதில்லை" என்றார். கிறிஸ்துமஸ் கேக் விஷயம் எனக்கு மட்டும், அதுவும் கல்யாணமாகி மூன்றாம் வருஷம், சொல்லப்பட்டது.

ஐம்பதுகளின் நடுவில் அந்தக் குடும்பம் இங்கிலாந்துக்குப் போய்விட்டது. அப்போது காலனியில் பல வீடுகள் அப்படிக் காலியாயின. போகிறவர்கள் வாசலில் கோரைப்பாய் விரித்துச் சாமான்களைப் பரப்பி விற்பார்கள். நாற்காலி, தையல் மிஷின், கிராமபோன், கட்டில். ஒரு குடும்பம் உபயோகித்தது எல்லாம் வெயிலில் கிடக்கும்.

டாரத்தி ஆண்ட்டியின் ஹாலில் அலமாரி மேல் நின்ற பொம்மையும் அந்தப் பாயில் இருந்தது. விற்கிறபோது சும்மா கொடுப்பது ராசி இல்லை என்பது அவர்கள் எண்ணமோ என்னவோ, கோமளத்தின் அப்பா கொடுத்த சில்லறையை வாங்கிக்கொண்டு அதைப் பெண்ணின் கையில் தந்தாளாம். தந்துவிட்டுக் கோமளத்தின் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னிவிட்டாளாம். அவ்வளவுதான் விடைபெற்றது.

"நீயே விசாரிச்சுச் சொல்லு"

ராகவன் மாமா கிளம்பிப் போனதும் அண்ணா என்னைக் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அதனால்தான் அவர் வார்த்தைக்கு அவ்வளவு பயந்தோம்.

பொம்மையைக் கொல்லைப்புறத்தில் மாட்டுக்கொட்டில் மாடத்தில் வைக்கச் சொன்னார். மூன்றாம் படியைத் துடைத்துத் தீர்த்தம் தெளிக்கச் சொன்னார். பிறகு என்னிடம்:

"நீதான் எல்லாத்தையும் துருவி எழுதி வெக்கறவனாச்சே. அது என்ன சாமான், எந்த ஊர்ச் சாமான்னு விசாரிச்சுச் சொல்லு. ஏழாம் நாள் தாயார் திருவடி சேவைக்கு ஊர்லேர்ந்து எல்லாரும் வந்துடுவா. அதுக்குள்ள தெரியணும்."

"எலும்புதான்னு ஆயிட்டா?"

"பொம்மை காவேரிக்குப் போகட்டும். கோமளமும் தீபாவளி வரைக்கும் அவ அப்பாவோட இருந்துட்டு வரட்டும்."

தீபாவளி வரைக்கும் என்றால் என்னவென்று எங்கள் தெருவுக்குத் தெரியும். நாலு வீடு தள்ளி ஒரு மருமகள் அப்படிப் போய் இரண்டு தீபாவளி ஆகியிருந்தது.

மறுநாள் மாலை வெற்றிலைபாக்குக்கு வந்தவர்கள் மூன்றே பேர். ராகவன் மாமா யாரிடமும் வம்பு பேசுகிறவர் அல்ல. ஆனால் அவர் வீட்டு மாமி பேசுவாள். கோமளம் சமையல்கட்டிலேயே இருந்தாள். கொலுவின் முன்னால் கோலம் போடக்கூட வரவில்லை.

நான் என் விசாரணையைத் தொடங்கினேன். ஒரு நோட்டில் இரண்டு பத்தி பிரித்துக்கொண்டேன். ஒன்று பொருள், மற்றது ஊர். கையில் இருந்த புத்தகங்களையெல்லாம் புரட்டினேன். தந்தமாக இருந்தால் ரேகை ஓடியிருக்கும் என்று ஒன்றில் இருந்தது. ரேகை இல்லை. மாக்கல்லாக இருந்தால் நகத்தில் கீறல் விழும். விழவில்லை. சலவைக்கல்லுக்கு இந்த அளவில் இன்னும் கனம் வேண்டும். தந்தமாக இருக்காதா என்று எனக்கு உள்ளூர ஆசை. தந்தம் என்றால் அண்ணா மறுக்க மாட்டார். கோயில் பல்லக்கிலேயே தந்த வேலை உண்டு. யானையின் பல்லுக்கு இருக்கும் மரியாதை மற்ற எலும்புக்கு ஏன் இல்லை என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

பீங்கான் கடையில்

நாலாம் நாள் ஆபீசுக்குப் போகும்போது பொம்மையைப் பழைய வேஷ்டியில் சுற்றிப் பையில் வைத்து எடுத்துப் போனேன். பஸ்ஸில் காவேரிப் பாலம் தாண்டும்வரை அதை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர், "வீணையா?" என்று கேட்டார். ஏழே கால் அங்குலத்தில் வீணை ஏது? ஆனால் நான் பிடித்துக்கொண்டிருந்த விதம் அப்படி.

பெரிய கடைவீதியை ஒட்டிய சந்தில் காதர் ராவுத்தரின் பீங்கான் கடை. எங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடிகள் எல்லாம் அவரிடம் வாங்கியவைதான். இளம் வயதில் ரங்கூனில் கடை வைத்திருந்தவர். யுத்தத்தின்போது நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்களில் ஒருவர். உலகத்தில் எந்தத் துறைமுகத்திலிருந்து வந்த கோப்பையையும் அடையாளம் சொல்வார் என்று பேர்.

"வாங்க சாமி, உக்காருங்க. ஜாடியா, கப்பு சாஸரா?"

பொம்மையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். நான் எதிர்பார்த்தபடி அவர் அடியைத் திருப்பிப் பார்க்கவில்லை. நகத்தால் ஒரு சுண்டு சுண்டிக் காதருகே வைத்தார். மெல்லிய மணிபோல் ஒரு ஓசை. கீழுதட்டில் வைத்துப் பார்த்தார். பிறகு கடை வாசலுக்குப் போய், காற்றில் பறக்கிற சால்வையின் ஓரத்தை வெயிலுக்கு நேரே பிடித்து அதன் பின்னால் தம் விரலை வைத்தார். விரலின் நிழல் சால்வைக்குள் தெரிந்தது.

கடைசியாகத்தான் அடியைப் பார்த்தார். ஒரு கிரீடம், அதன் கீழே ராகவன் மாமா படித்த எழுத்து. அதற்கும் கீழே தேய்ந்துபோன ஒரு வரி. ஈரத்துணியால் துடைத்து என்னிடம் காட்டினார். முன்பாதி போய்விட்டது. பின்பாதியில் 'லாண்ட்' என்று மட்டும் இருந்தது.

"யாரு சாமி இதைச் சீனாச் சாமான்னு சொன்னது?"

"ஒரு ஹெட்மாஸ்டர்."

"படிச்சவங்க. அதான்." ராவுத்தர் சிரித்தார். "காப்பியில என்ன போட்டுக் குடிக்கிறீங்க?"

"ஜீனி."

"அத நாங்க சீனிம்போம். வடை சுடற சட்டிக்கு என்ன பேரு? சீனாச்சட்டி. கொத்தவரங்காய எங்க வீட்டுல சீனியவரக்காம்போம். இதெல்லாம் சீனாவுலேருந்தா வருது? மண்ணச்சநல்லூர் சந்தையிலேருந்து வருது. பேருதான் அங்கேருந்து வந்துச்சு. சைனான்னா ஊரு இல்ல சாமி. பீங்கான்னு அர்த்தம். வெள்ளக்காரனுக்கும் நம்ம கதைதான்."

எனக்கு அங்கேயே அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஹாலந்து, போலந்து என்று வேறு லாண்டுகளும் உண்டே என்று நான் சந்தேகம் கிளப்பினேன். இந்த வகைச் சாமானை விடாமல் பண்ணுகிறவன் இங்கிலாந்துக்காரன்தான் என்றார். ஊர்ப் பத்தியில் 'இங்கிலாந்து, அநேகமாக' என்று எழுதிக்கொண்டேன்.

"அப்ப எலும்புங்கறதும் இதே மாதிரி வெறும் பேர்தானே, பாய்?"

ராவுத்தர் பொம்மையை வேஷ்டித் துணியில் தாமே நிதானமாகச் சுற்றினார்.

"அது மட்டும் வெறும் பேரு இல்ல சாமி. நெசமாவே எலும்புதான். சுட்டுச் சாம்பலாக்கிக் களிமண்ணோட சேக்குறாங்க. அந்த வெளுப்பும் மினுக்கும் அதாலதான்."

"என்ன எலும்பு?"

"மாடு."

அவர் கடைப் பையனை அனுப்பாமல் தாமே எழுந்துபோய் எனக்கு சோடா வாங்கி வந்தார். தம்மிடம் வாங்குகிறவர்களிலும் கேட்பவர்கள் உண்டு என்றார். அவர்கள் கேள்வி வேறு: பன்றி எலும்பு இல்லையே? நிச்சயம் தெரியாததற்கு அவரும் நிச்சயம் சொல்வதில்லையாம்.

நான் புறப்படும்போது, "இங்கிலாந்துப் பீங்கான்னு மட்டும் சொல்லுங்களேன்" என்றார். "அதுல பொய் ஒண்ணும் இல்லியே."

அன்று ஆபீசில் ஒரு வேலையும் ஓடவில்லை. பொருள் என்ற பத்தி காலியாகவே இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் நான் தெரிந்த ஒன்றை எழுதாமல் விட்டதில்லை.

கிணற்றடி

வீட்டுக்கு வந்ததும் பொம்மையைக் கொட்டில் மாடத்தில் பழையபடி வைத்தேன். கோமளம் கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ராவுத்தர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். மாடு என்றபோது அவள் முகத்தில் அதிர்ச்சி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"ஆண்ட்டி சொல்லியிருக்கா. பத்து வயசுல ஒரு தரம் தூசி தட்டறேன்னு அதைக் கீழ போட்டுட்டேன். உடையலை. நான் அழுதேன். அழாதே, இதுல எலும்பு இருக்கு, உன்னை மாதிரி கெட்டின்னு சொன்னா."

"கொலுவுல வெக்கறப்ப ஏன் சொல்லலை?"

தேங்காய் நாரால் ஒரு வெண்கலப் பானையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அது ஏற்கெனவே பளபளவென்று இருந்தது.

"மன்னி ஆண்டாள்னா. எல்லாரும் சேவிச்சா. என் பொட்டிலேர்ந்து வந்த ஒண்ணை இந்தாத்துல கை கூப்பறா. எப்படிச் சொல்றது?"

நான் ஒரு வாளி தண்ணீர் இறைத்து அவள் பக்கத்தில் வைத்தேன்.

"அண்ணாகிட்ட என்ன சொல்லப்போறேள்?" என்று கேட்டாள்.

"இருக்கறதைத்தான்."

"சொல்லுங்கோ. எனக்குத் தெரியும்கறதை மட்டும் சொல்லாதீங்கோ. தெரியாதுன்னு சொல்லிடுங்கோ."

சரி என்றேன். அவள் என்னிடம் கேட்ட முதல் பொய் அது.

ஐந்தாம் நாள்

சனிக்கிழமை என்று நினைக்கிறேன், எனக்கு அரை நாள் ஆபீஸ். பிற்பகல் மூன்று மணி இருக்கும். வானம் கோயில் மதில் பக்கமாகக் கறுத்திருந்தது. அண்ணா கூடத்தில் கொலுவுக்கு எதிரே ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். மன்னி சாயங்காலச் சுண்டலுக்குக் கடலையை அடுப்பில் ஏற்றிவிட்டு வந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். சமையல்கட்டு வாசற்படிக்கு அந்தப் பக்கம் கோமளத்தின் புடவை நுனி தெரிந்தது.

நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு சொன்னேன். சீனா என்பது ஊர்ப் பேர் அல்ல என்பதில் தொடங்கினேன். ஜீனி உதாரணத்தைச் சொன்னதும் அண்ணாவின் முகம் சற்று இளகியது. "ராகவன் மாமாட்ட நானே சொல்றேன்" என்றார். இங்கிலாந்து, அநேகமாக, என்றேன். பொன்மலையில் பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியப் பெண்மணி ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்தது என்றும் சொன்னேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ராவுத்தர் அதற்கு வழி காட்டித்தான் அனுப்பியிருந்தார். என்னால் முடியவில்லை.

"ஆனா எலும்பு இருக்கறது நெஜம், அண்ணா. மாட்டெலும்புச் சாம்பல்."

துருவலின் சத்தம் நின்றது.

அண்ணா ஊஞ்சலைக் காலால் நிறுத்தினார்.

"கோமளத்துக்கு இது தெரியுமோ?"

"தெரியாது" என்றேன்.

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் அதைத் தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்வான். அண்ணா அதைக் கவனிக்கவில்லை. அவருக்கும் ஒரு வழி தேவைப்பட்டது, அது கிடைத்த ஆறுதலில் இருந்தார்.

"பாவம், அவ என்ன பண்ணுவா? தாயில்லாக் கொழந்தை. அந்தப் பொம்மனாட்டி ஏமாத்தித் தலைல கட்டிட்டுப் போயிட்டா. சரி, பொம்மையைக் காவேரில விட்டுடலாம். பொன்மலைக்குப் போறதெல்லாம் வேண்டாம்."

அங்கேயே முடிந்திருக்கும். கோமளம் எங்கும் போக வேண்டாம், பழியெல்லாம் கடல் தாண்டிப் போன ஒருத்தி மேல். நான் நோட்டை மூடினேன்.

அப்போது வாசற்படியைத் தாண்டி அவள் கூடத்துக்கு வந்தாள்.

மன்னியிடம் போகவில்லை. என்னையும் பார்க்கவில்லை. ஊஞ்சலுக்கு எதிரே நின்று அண்ணாவிடம் சொன்னாள்.

"அவா ஏமாத்தலை. எலும்புன்னு எப்பவோ சொல்லியிருக்கா. எனக்குத் தெரியும். நான்தான் வாயைத் திறக்கலை."

நாலு வருஷத்தில் அவள் அண்ணாவிடம் பேசிய முதல் வார்த்தைகள் இவைதான். குரல் தாழவில்லை.

"அம்மா போனப்பறம் எனக்குத் தலை வாரினவா அவாதான். ஜுரம் வந்தா ராத்திரி உக்காந்துண்டு இருப்பா. என்னை வேணா அனுப்பிடுங்கோ. அவாளை ஏமாத்தினவான்னு மட்டும் சொல்லாதீங்கோ."

அண்ணா அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சொன்னது பொய் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அதைப்பற்றி அன்றைக்கும் கேட்கவில்லை, கடைசி வரையிலும் கேட்கவில்லை. அவர் மன்னி பக்கம் திரும்பினார்.

"கொலுவுல வெச்சது அவளா?"

"நான்தான்" என்றாள் மன்னி. "அவ ஆண்டாள்னு சொல்லவே இல்லை. நானா முடிவு பண்ணிட்டேன்."

"யார் குடுத்ததுன்னு அவளை ஒரு வார்த்தை கேட்டியோ?"

"இல்லை."

"நானும் கேக்கலை" என்றார் அண்ணா.

கொல்லைப்புறத் தகரத்தில் நாலைந்து தூறல் விழும் சத்தம் கேட்டது. அண்ணா அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். என்னிடம், "கொலுவுல வேண்டாம். அது எனக்கு ஒப்பாது. ஆனா அது நனையறது பாரு. போய் உள்ள எடுத்துண்டு வா" என்றார்.

நான் போய் எடுத்துவந்தேன். வைக்க இடம் தெரியாமல் நடுக்கூடத்தில் நின்றேன். மன்னி எழுந்துவந்து அதை வாங்கினாள். இடது கையில் கட்டியிருந்த துணிக்கிளியை முடிச்சவிழ்த்து எடுத்தாள். எங்கள் அறை வாசலை ஒட்டிய ரேடியோ ஸ்டாண்டின் மேல், கூடத்தைப் பார்க்கும்படி நிறுத்தினாள். இரண்டடி பின்னால் வந்து பார்த்தாள்.

"அந்த மாமி பேர் என்னடி?"

கோமளத்துக்குச் சட்டென்று புரியவில்லை. டாரத்தி ஆண்ட்டியை யாரும் மாமி என்று சொல்லி அவள் கேட்டதில்லை.

"டாரத்தி."

"வாயில நுழையலைடி. இன்னொரு தரம் சொல்லு."

கோமளம் இன்னொரு தரம் சொன்னாள். மன்னி சொல்லிப் பார்த்தாள், தப்பாகத்தான் வந்தது. கோமளம் திருத்தினாள். இருவரும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். எஞ்சின் டிரைவர் வீடு, இரண்டு சங்குகளுக்கு நடுவில் இருந்த பொழுது, பின்னல், அலமாரி, பாய் விரித்து விற்ற அந்த நாள் என்று ஒன்றொன்றாக அவள் சொல்லத் தொடங்கினாள். கேக்கைப் பற்றியும் சொன்னாள். அண்ணா ஊஞ்சலில் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார். ஆனால் ஊஞ்சல் ஆடவில்லை.

அவளைப் பொன்மலைக்கு அனுப்பும் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை.

அன்றைக்குக் கடலை அடுப்பிலேயே குழைந்து கூழாகிவிட்டது. வந்தவர்களுக்கு வெற்றிலைபாக்கோடு பழம்தான் கொடுக்க முடிந்தது. குழைந்த சுண்டலை நாங்கள் நாலு பேரும் ராத்திரி சாப்பிட்டோம். உப்புப் போட மறந்திருந்தார்கள். அண்ணா இரண்டாம் தடவையும் போடச் சொன்னார்.